அம்மா குடித்த தண்ணீர்

ஆய்வகத்தில் அவள் வேலையே சிறுநீரகச் செல்களை வீங்க வைப்பதுதான். கண்ணாடித் தட்டில் உப்புக் குறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பாள். செல்கள் தண்ணீரை இழுத்துப் பருக்கும், இதோ வெடிக்கப் போகிறது என்று தோன்றும். வெடிக்காது. தமக்குள் இருக்கும் உப்பை வெளியே தள்ளும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். பத்தே நிமிடத்தில் பழைய உருவம். கெட்டிக்காரப் பயல்கள் என்று ஒவ்வொரு தடவையும் மெச்சிக்கொள்வாள்.

அந்த மிதப்பில்தான் போன மாதம் அம்மாவிடம் வாயை விட்டாள். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு.

"உப்பை அடியோட விடும்மா. தண்ணி நிறையக் குடி. எவ்வளவு குடிச்சாலும் கிட்னி பாத்துக்கும்."

ஓர் அளவு சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நாக்கில் சனி!

அம்மா அன்றிலிருந்து உப்பைத் தொடவில்லை; லிட்டர் பாட்டிலில் நாளுக்கு எட்டு குடித்தாள். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான்.

"போடா! நீயா கிட்னியைப் பத்திப் படிச்சே? அவ படிச்சவ."

நேற்றுக் காலை சமையலறையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு, மூளை வீங்கியிருக்கு" என்றார் டாக்டர். "மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா அதுவே ஆபத்து. பழையபடி ஆவாங்களான்னு இப்பச் சொல்ல முடியாது."

மூளைச் செல்லுக்கும் அந்த வித்தை தெரியும். ஆனால் அதுவும் ஓரளவுக்குத்தான்; உப்பு இந்த அளவு இறங்கினால் ஈடுகொடுக்காது, மண்டையோட்டுக்குள் வீங்க இடமும் கிடையாது. இதெல்லாம் அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். தெரிந்து என்ன புண்ணியம்? பெற்றவளைத் தன் வாயாலேயே இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டுவிட்டாளே. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இன்று மதியம் அம்மா கண் திறந்தாள்.

"அம்மா, நான்தாம்மா!"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரரின் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நோக்கிக் கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடித்து மெல்லப் போர்வைமேல் வைத்தாள். அது மறுபடியும் நீண்டது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க சிஸ்டர்" என்று அம்மா கெஞ்சினாள். "குடிக்கலேன்னா என் பொண்ணு திட்டுவா."