நாற்பத்தொரு குழந்தைகளுக்குப் பால்

புதன்கிழமை கப்பல் புறப்பட இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இருநூறு பெட்டி பால் பவுடர் சபைக் கூடத்தின் சுவரோரம் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. தபித்தா அந்தக் கோடை முழுக்கத் தெருத்தெருவாக அலைந்து சேர்த்தது. பெட்டி சேர்ப்பதைவிட, யுத்தத்தில் எதிரி பிடித்த கிரேக்கத்துக்கு அனுப்ப லண்டன் யுத்த இலாகாவிடம் அனுமதி வாங்குவதில்தான் அவள் உயிர் பாதி போயிற்று.

பிரேயஸ் துறைமுகத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் எஃப்தாலியா எழுதிய கடிதம் அவள் கைப்பையிலேயே கிடந்தது. நாற்பத்தொரு கைக்குழந்தைகள், தாய்மார்களுக்குப் பால் வற்றிவிட்டது, டிசம்பருக்குள் பால் வந்தால் பிழைப்பார்கள். அவ்வளவுதான் கடிதம்.

கடைசியில் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. பெட்டிகளுக்கு வழி நெடுகத் துப்பாக்கிக் காவல். அதற்குச் சம்மதித்துச் சபை கையெழுத்துப் போட வேண்டும்.

எந்த யுத்தத்திலும் துப்பாக்கியைத் தொடாத கிறிஸ்தவச் சபை அது. வாக்கெடுப்பும் அங்கே கிடையாது. ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். அன்று மனம் ஒப்பாத அந்த ஒருவர் கிழவர் ஜொசாயா.

ஒன்றரை மணி நேர மௌனத்துக்குப் பிறகு சபைப் பெண் வின்னிக்குப் பொறுக்கவில்லை. "உன் மனசு எத்தனை மணிக்கு ஒப்பும்னு சொல்லிடு ஜொசாயா. நான் போய் உருளைக்கிழங்க அடுப்புல வெச்சிட்டு வரேன். நல்லவேளை, பவுடராப் போச்சு. இல்லேன்னா இந்நேரம் தயிராயிருக்கும்."

"கிண்டல் பண்ணாதே வின்னி. குழந்தை வாய்க்குப் போற பாலுக்குத் துப்பாக்கியக் காவல் வெக்கறதா? அப்ப நானும் நேத்தனும் ஜெயில்ல எதுக்குக் கல்லு உடைச்சோம்?" என்றார் ஜொசாயா.

நேத்தன் தபித்தாவின் கணவன். போன யுத்தத்தில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று ஜொசாயாவோடு உள்ளே போனவன், திரும்பி வரவில்லை. ஜொசாயாதான் அவன் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவசரத்தில் ஒருவர் மறுப்பைத் தாண்டி முடிவெழுத, செயலாளர் என்ற முறையில் தபித்தாவுக்கு உரிமை இருந்தது. 'ஜொசாயாவின் மறுப்பைக் கேட்டோம், ஆயினும் அனுப்புகிறோம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பேனாவைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அந்த வரியை எழுதினால் நேத்தன் செத்தது வீண் என்று தன் கையாலேயே எழுதியதாகிவிடும் என்று தோன்றியது. பேனாவை மூடினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்," என்றாள்.

"அடுத்த ஞாயிறு கப்பல் எங்க இருக்கும் தபித்தா?" என்றாள் வின்னி.

அடுத்த ஞாயிறு ஜொசாயா எழுந்து நின்றார். ஏழு நாளும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் குறுக்கே நிக்கல. அனுப்பிடுங்க," என்றார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புதன்கிழமைக் கப்பல் போய்விட்டது. அடுத்தது ஜனவரிக் கடைசியில் என்றார்கள்.

ஜனவரி பாதியில் எஃப்தாலியாவின் இரண்டாவது கடிதம் வந்தது. தபித்தா அதைக் கூட்டத்தில் வாசித்தாள். குரல் நடுங்காமலிருந்ததை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"பால் இனி வேண்டாம். வெள்ளைத் துணி இருந்தால் அனுப்புங்கள். சிறிய துண்டுகளே போதும்."

ஜொசாயா கேட்டார். "என் ஒருத்தன் பேச்ச ஏன் கேட்டே தபித்தா? என்னைத் தள்ளிவிட்டுட்டு எழுதியிருக்கலாமே. உனக்கு உரிமை இருந்துச்சே."

அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. அவர் காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எங்கிட்ட ஆறு படுக்கை விரிப்பு இருக்கு," என்றாள் வின்னி. அதில் கிண்டலே இல்லை.

கடிதம் வந்த அன்றே தபித்தா கேட்டதற்கு, துணிக்குக் காவல் தேவையில்லை என்று இலாகா எழுதியிருந்தது. முறைப்படி தபித்தா கேட்டாக வேண்டும். "யாருக்காவது மனசு ஒப்பலையா?"

யாரும் வாய் திறக்கவில்லை. தபித்தா பேனாவைத் திறந்து, துணி அனுப்புவதென ஒருமனதாக முடிவு செய்தோம் என்று எழுதினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.