நெயில்பாலிஷ் புள்ளி

ஒரே வேலைக்காக ஒருவர் மூன்றாவது முறை கித்தார் பழுதுபார்க்கும் என் கடைக்கு வந்தால், எனக்கு வேலையின் மேல் சந்தேகம் வராது, ஆளின் மேல்தான் வரும். அந்த ஆள் என் தங்கையின் கணவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை ஒரு இசைக்குழுவில் கித்தார் வாசிப்பவர். உள்ளே கூடாக இருக்கும் பெரிய உடம்புக் கித்தார். அதன் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தக் கட்டை, மங்கிவிட்டது, வேறு போட்டுத் தாருங்கள் என்றார். மெல்லிசைக்கும் அது ஒத்துவர வேண்டும், ஆட்டம் போட வைக்கும் பாட்டுக்கும் ஒத்துவர வேண்டும். நானும் யோசித்துத்தான் போட்டேன். கூடான உடம்பில் வீரியம் கூடிய பிக்கப்பை வைத்தால், சத்தத்தைக் கூட்டியதும் ஊளையிடும். அதனால் நடுத்தரமாக ஒன்று. கூர்மையைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் குமிழை மேலே இழுத்தால், அதிலுள்ள கம்பிச் சுருளில் பாதி மட்டும் வேலை செய்து சன்னமாகப் பேசும். அந்த உடம்புக்கென்றே செய்ததுபோல அமைந்தது.

சில நாளிலேயே திரும்பி வந்தார். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதாம். இன்னும் கூர்மையான பிக்கப்பாக மாட்டக் கித்தாரை வாங்கி வைத்தேன்.

அந்த வாரமே, அடுத்த தெருவில் என் போட்டிக்காரன் கடை இருக்கும் கட்டடத்திலிருந்து மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி வெளியே வருவதைப் பார்த்தேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் போட்ட நல்ல சரக்கை அங்கே விற்றுவிட்டு, ஏதோ குப்பையை மாட்டிக்கொண்டு வந்து என் தலையில் மிளகாய் அரைக்கிறார். கித்தாரில் இருந்ததைக் கழற்றிப் பார்த்தேன்; வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் என்னுடையதா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இந்த முறை அடையாளம் இருக்கட்டும் என்று மனைவியின் சிவப்பு நெயில்பாலிஷை எடுத்து, புதிய பிக்கப்பின் அடியில் ஒரு புள்ளி வைத்து மாட்டிக் கொடுத்தேன்.

தங்கையும் வந்து அழுதாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லையாம். ஃபோனை எடுப்பதில்லையாம். எங்கே போகிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாராம்.

"வேற யாரோ இருக்காங்கண்ணே. நான் இங்கயே வந்துடறேன், ஒரு ரூம் ஒழிச்சு வை."

ஆறுதல் சொல்ல வேண்டிய நான், போட்டிக்காரன் கதையையும் சொல்லி அவளை ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளை அடுத்த முறை வந்தபோது, கையும் களவுமாகப் பிடிப்பதைப் பார்க்கட்டும் என்று அவளைச் சாமான் அறையில் உட்கார வைத்தேன்.

திருகாணிகளைக் கழற்றி பிக்கப்பைத் தூக்கினேன். புள்ளி அப்படியே இருந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம், அதுதான் உண்மை.

அதையே திரும்ப மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் கூர்மையை முழுதாகத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். காதில் ஊசி ஏறியது. பக்கத்துக் கடைத் தையல்காரர் கதவை அறைந்து சாத்தினார். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் மங்கலாத்தான் இருக்கு மச்சான்."

அதற்குமேல் தங்கைக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, அவருக்குப் பின்னால் இருந்த மேசையில் அவர்கள் வீட்டுச் சாவிக்கொத்தை வீசினாள். கலீரென்ற சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். மாப்பிள்ளை குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

அவர் எதிரில் போய் நின்று, அந்தக் கட்டடத்துக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் கித்தாரை மடியில் கிடத்தினார்.

"மாடியில காது டாக்டர் இருக்காரு. கீச்சுன்னு வர்ற சத்தமெல்லாம் எனக்குப் போயிடுச்சாம், இனிமே திரும்பாதாம். குழுவுல தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவாங்க. பிக்கப்ப மாத்தினா சமாளிச்சிடலாம்னு பாத்தேன்."

பிறகுதான் தங்கை நிற்பதைக் கண்டார். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அவள் அழவில்லை. முதலில் போட்ட பிக்கப்பையே மாட்டச் சொன்னாள். மெல்லிசைக்குக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று என்னைத் திருப்பச் சொல்லி, கடையிலேயே கிடந்த அந்த நெயில்பாலிஷை எடுத்து அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஆட்டப் பாட்டுக்கு இரண்டு புள்ளி. காதால் கேட்க முடியாததை அவர் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் அவர் எதிரில் வந்து, உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள்.

"நான் இனிமே முன்னால வந்து பேசறேன். நீங்க எதையும் மறைக்காதீங்க."

ஒழித்து வைக்கச் சொன்ன அறையைப் பற்றி நான் கேட்கவில்லை. போகும்போது மேசையிலிருந்த சாவிக்கொத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.