யாரை முதலில் கேட்பது

அழகுத்தாய்க்குத் தன் தங்கை குருவம்மாள் மேல் பொறாமை என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அவளும் அதை மூடி மறைத்தவள் இல்லை. தங்கை புதுச் சேலை கட்டினால் இவளுக்கு வயிறு எரியும். தங்கைக்குக் காய்ச்சல் வந்து புருஷன் கஞ்சி வைத்துக் கொடுத்தால், எனக்கும் ஒரு காய்ச்சல் வரக்கூடாதா என்றிருக்கும். இரண்டு பேருக்கும் புருஷன் ஒருவன்தான், சங்கையா. பாவம், அந்த ஆள் பீடியைப் பற்றவைப்பதற்குக்கூட எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று யோசித்துத்தான் பற்றவைப்பான்.

சங்கையாவுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் அழகுத்தாய். தலைப்பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. வெளியிலிருந்து எவளோ வருவதற்கு உன் தங்கச்சியே வரட்டும் என்று பெற்ற தாயே முன்னின்று குருவம்மாளை இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தாள். வந்த மறு வருஷமே குருவம்மாள் பூமாரியைப் பெற்றாள். தும்மினமாதிரி பெற்றாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அழகுத்தாய் எழுந்து வெளியே போய்விடுவாள்.

பெற்றது ஒருத்தி, வளர்த்தது இரண்டு பேர். பூமாரி ஒருத்தியை அம்மா என்றாள், மற்றவளைப் பெரியம்மா என்றாள். 'பெரிய' என்று ஒன்று கூடத்தானே இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால், அழகுத்தாய் அவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவாள்.

பூமாரி படிப்பில் கெட்டி. கன்னியாஸ்திரீகள் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, மதுரையில் கல்லூரி முடித்து, பம்பாயில் கம்ப்யூட்டர் என்கிற மெசினுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்துக்குப் போனாள். அங்கேயே கூட வேலை செய்த நல்லதம்பியைக் கட்டிக்கொண்டாள். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாத மழையில், தலைப்பிரசவத்துக்கு லயத்துக்கு வந்து இறங்கினாள். வயிறு ஒரு பக்கம், கக்கத்தில் பாய்போலச் சுருட்டிய அச்சடித்த காகிதம் ஒரு பக்கம். மெசினுக்கு எழுதிக்கொடுத்த வேலையில் எங்கேயோ தப்பு இருக்கிறதாம். எங்கே என்று பிடிபடவில்லையாம்.

"அந்த மெசினுகிட்ட அப்படி என்னதான் புள்ள பேசுவ?" என்று ஒரு காலையில் அழகுத்தாய் கேட்டாள்.

பூமாரி கட்டன் சாயாவை ஊதிக்கொண்டே சொன்னாள். "அதுக்குள்ள நாங்க ஒவ்வொண்ணையும் ஒரு பிள்ளை மாதிரி செஞ்சு வைப்போம் பெரியம்மா. பிள்ளைக்கு ஒரு வேலை சொல்றோம். அதுக்குச் செய்யத் தெரிஞ்சா செஞ்சிரும். தெரியலைன்னா தாயிகிட்ட கேக்கும். தாயிக்கும் தெரியலைன்னா தாயோட தாயிகிட்ட போகும். வெளிநாட்டுக்காரங்க ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான் வச்சாங்க. நாங்க ரெண்டு தாய் வச்சுப் பாக்குறோம்."

"நம்ம வீட்டப் பாத்து எழுதிட்டா!" என்று குருவம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். சங்கையாவும் சிரித்தான். அழகுத்தாய் சிரிக்கவில்லை.

"ரெண்டு தாயிக்கும் தெரிஞ்ச வேலைன்னா? யாரைக் கேக்கும்?"

"முதல்ல எழுதுன தாய."

"அவ சொல்லிட்டா?"

"அதோட சரி. அடுத்தவங்களக் கேக்காது."

"முதல் தாயிக்குத் தெரியலைன்னாதான் ரெண்டாவது தாயா?"

பூமாரி டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்ல. முதல் தாயிக்குத் தெரியலைன்னா அவங்க அம்மாகிட்ட போகும். அங்கேயும் இல்லைன்னா அதுக்கும் மேல. அந்த வழி முழுக்கத் தேடிட்டுத்தான் ரெண்டாவது தாயிகிட்ட வரும்."

"அப்ப செத்துப்போன எங்காத்தாவுக்கும் பொறவுதானா நானு?"

"ஐயோ பெரியம்மா, அது மெசின் கதை" என்று பூமாரி அவள் கையைப் பிடித்தாள். அழகுத்தாய் கையை உருவிக்கொண்டு கூடையை எடுத்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாயிற்று. மெசின் கதையோ மனுஷக் கதையோ, பேர் போட்டு எழுதியாயிற்று அல்லவா?

அன்றிலிருந்து அவளுக்கு அதே கணக்குத்தான். பூமாரி வாயைத் திறந்தால் யாரைப் பார்த்துத் திறக்கிறாள் என்று கவனித்தாள். எண்ணெய் தேய்க்கலாமா என்றால், "அம்மா." பப்பாளி தின்னலாமா என்றால், "அம்மா." காந்தலூர்ப் பூண்டு வாங்கிவைத்தாச்சா என்றால் அதற்கும் "அம்மா"தான். குருவம்மாளுக்கு ஒன்று தெரியும், இல்லாவிட்டால் "எங்காத்தா என்ன சொல்லும்னா" என்று ஆரம்பிப்பாள். பதில் கிடைத்துவிடும். அழகுத்தாய் வாசலில் நிற்பாள், நிலையில் சாத்திவைத்த விளக்குமாறு மாதிரி.

எட்டாம் மாதம் பூமாரிக்குக் கால் வீங்கியது. பிறகு விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போயிற்று. ஒரு காலையில் நெற்றியை அழுத்திக்கொண்டே எழுந்து வந்தாள்.

"அம்மா, ரெண்டு நாளா தலை பிளக்குது. மூஞ்சி எல்லாம் ஊதிக்கிட்டு வருது. டாக்டரப் பாக்கணுமாம்மா?"

குருவம்மாளுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. அதனால் தாயின் வழிக்குப் போனாள். "நீரு எறங்குது புள்ள. எங்காத்தா சொல்லும், கால்ல நீர் கோத்தா சுகப்பிரசவம்னு. கொள்ளு அவிச்ச தண்ணி தாரேன், குடிச்சுட்டுப் படு. எல்லாம் வடிஞ்சிரும்."

நிலையைப் பிடித்துக்கொண்டு அழகுத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளுத் தண்ணி! அதே கொள்ளுத் தண்ணியைத்தான் அதே ஆத்தா இவளுக்கும் கொடுத்தாள். வீக்கம், தலைவலி, கண்ணில் மின்னல், கடைசியில் வலிப்பு. கண் முழித்துப் பார்த்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அன்றைக்கே ஆத்தாவின் அந்த வைத்தியத்தை இவள் தூக்கி எறிந்துவிட்டாள். லயத்தில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு முகம் ஊதினாலும் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போகிறவள் இவள்தான். இது ஊருக்குத் தெரியும். சொந்த வீட்டில் மட்டும் கேட்பாரில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. பூமாரி திரும்பியே பார்க்கவில்லை, டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று நினைத்தாள் அழகுத்தாய். கேட்கட்டும். ஒரு தடவை, "பெரியம்மா, நீ என்ன சொல்ற" என்று கேட்கட்டும். கேட்டால் சொல்கிறேன். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

மழையில் கொழுந்து வழுக்கியது. கை பாட்டுக்கு எடுத்தது, மனசு பாட்டுக்குக் கொதித்தது. கிடக்கட்டும், அவள் அம்மா பார்த்துக்கொள்வாள். தும்மினமாதிரி பெற்ற மகராசி அல்லவா. வலிப்பு வந்தால் தெரியும் அப்போது. அலறியடித்துக்கொண்டு ஓடிவருவாள், அக்கா அக்கா என்று. ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

ஆகிவிட்டால் நடப்பது அழகுத்தாய்க்குக் கண்ணெதிரே தெரிந்தது. பூமாரியைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாட்டில் குருவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். வருகிறவர்கள் எல்லாம் குருவம்மாளைத்தான் கட்டிப்பிடிக்கிறார்கள், பெத்த வயிறு, பெத்த வயிறு என்று. அவளை விலக்கிவிட்டுத் தலைமாட்டில் உட்கார இவளுக்கு இடம் இல்லை. அங்கேயும் தங்கைதான் முதல். அழுவதில்கூட இவள் இரண்டாவது!

அந்தப் பொறாமை வந்தது, உடனே அதன் பின்னாலேயே பயமும் வந்தது. அடிப்பாவி, பிள்ளை செத்துக் கிடக்கிறாள், நீ இடத்துக்குச் சண்டை போடுகிறாயா என்று தன் வாயாலேயே சத்தமாகச் சொன்னாள். அடுத்த நிரையில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அழகுத்தாய் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள். கங்காணி கத்தியது காதில் விழவில்லை.

வீட்டுக்குள் பூமாரி சுவரில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "பூச்சி பறக்குற மாதிரி இருக்கும்மா" என்றாள். குருவம்மாள் இன்னொரு டம்ளர் கொள்ளுத் தண்ணியை நீட்டினாள். அழகுத்தாய் அதைத் தட்டிவிட்டாள்.

"என்னக்கா இது? கூறு கெட்டுப்போச்சா உனக்கு? ஆத்தா சொன்னதத்தான செய்யுதேன்!"

"ஆத்தா சொன்னதக் கேட்டுத்தான் எம்பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தேன். வண்டி வேணும். இப்பவே."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. கேக்காமத்தான் சொல்லுதேன்."

சங்கையா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "பாத்துக்கிட்டு நிக்காதிய, போயி நர்சம்மாவக் கூட்டிட்டு வாங்க!" என்று அழகுத்தாய் போட்ட சத்தத்தில் பீடியைப் போட்டுவிட்டு ஓடினான்.

டிஸ்பென்சரி நர்சு மதலேனம்மாள் வந்து பூமாரியின் கால் எலும்பில் விரலை அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பு பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "வேகம் ஜீப்பை விளிங்க" என்று மலையாளம் கலந்த தமிழில் அவசரமாகக் கூப்பிடச் சொன்னாள். எஸ்டேட் ஜீப்பில் பூமாரியைப் படுக்கவைத்துப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு வலிப்பு வந்தது. அழகுத்தாய் அவள் தலையை மடியில் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். குருவம்மாள் ஒன்றும் தெரியாமல் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். சாயங்காலம் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் பிள்ளை, பூனைக்குட்டி அளவுதான் இருந்தது.

வீக்கம் வடிந்து கண் தெளிந்த பிறகு, பக்கத்தில் அழகுத்தாய் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் பூமாரி பேசினாள்.

"பெரியம்மா, மெசின்ல இருந்த தப்பு தெரிஞ்சுபோச்சு. முதல் தாயிக்குத் தெரியலைன்னதும் நேரா அம்மாச்சிகிட்ட போயிருது. அம்மாச்சி ஏதோ ஒரு பழைய பதிலச் சொல்லிருது. அதை ரெண்டாவது தாய் திருத்தி வச்சிருந்தாலும் அவங்ககிட்ட வரவே வராது. அம்மாச்சி ரெண்டு பேருக்கும் பொதுதான? பொதுவானவங்கள, ரெண்டு தாயையும் கேட்டு முடிச்ச பொறவுதான் கேக்கணும்."

அழகுத்தாய் போர்வையை இழுத்துவிட்டாள். மனசு குளிர்ந்தது. ஆனாலும் அந்தப் பாழும் நாக்கு சும்மா இருக்குமா?

"சரி. அந்த ரெண்டுல முதல்ல யாரு?"

பூமாரி பொய் சொல்லியிருக்கலாம், நோயாளி சொல்கிற பொய்யை யார் குற்றம் சொல்லப்போகிறார்கள்?

"யாராவது ஒருத்தர் முதல்ல இருக்கணும் பெரியம்மா. அம்மாதான்."

"அதான பாத்தேன்" என்றாள் அழகுத்தாய். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். உயிரைக் காப்பாற்றினாலும் வரிசை மாறாது போலிருக்கிறது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

லயத்துக்கு வந்த பிறகு பிள்ளை பாடாய்ப் படுத்தியது. மார்பில் உறிஞ்சத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொல்லியிருந்தார்கள். புகட்டினால் கடைவாய் வழியாக வழிந்தது, இல்லாவிட்டால் புரையேறியது. நர்சு மதலேனம்மாள் வர நேரமாகும். பிள்ளையின் அழுகை வரவரச் சன்னமாகிக்கொண்டே போனது.

"அம்மா, இறங்க மாட்டேங்குதும்மா. என்ன செய்ய?" என்று பூமாரி அழுதாள்.

குருவம்மாள் பெற்றது கொழுகொழுவென்று பிறந்த பிள்ளை. அவளுக்குத் தெரியாது. எங்காத்தா என்று தொடங்கப்போனவள் நிறுத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, நீ சொல்லு. என்ன செய்யலாம்?"

இத்தனை வருஷம் இதற்குத்தான் காத்திருந்தாள். கேட்டும்விட்டார்கள், இரண்டு பேரும் இவள் வாயையே பார்க்கிறார்கள். ஆனால் அழகுத்தாயின் பிள்ளை பால் குடிக்கும்வரை இருந்ததில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டுவது பற்றி அவளுக்கென்று ஒரு வழியும் கிடையாது.

"எனக்குத் தெரியாதே" என்றாள். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஆத்தா செஞ்சதப் பாத்திருக்கேன். பஞ்ச எடு. திரி மாதிரித் திரி."

வெந்நீரில் அலசிய பஞ்சைத் திரித்துப் பாலில் நனைத்து, பிள்ளையின் உதட்டில் வைத்தாள். ஒரு சொட்டு இறங்கியது. காத்திருந்தாள். பிள்ளை விழுங்கியது. மறுபடி ஒரு சொட்டு.

"யாருக்குக்கா ஆத்தா இப்படிச் செஞ்சுது?"

"உனக்குத்தான். நீயும் மாசம் தெகயாமப் பொறந்தவதான். ராப்பகலா உன்ன மடியில போட்டுக்கிட்டு, சொட்டுச் சொட்டா. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

குருவம்மாள் திரிக்கப் பஞ்சை நீட்டினாள். "அப்ப உனக்கு என்ன வயசு?"

"ஆத்தா மடியில எனக்கும் எடம் வேணும்னு அழுற வயசு" என்றாள் அழகுத்தாய். பஞ்சை வாங்கி மறுபடி பாலில் நனைத்தாள்.