மண்ணில் படாத வார்

தொமகோமாய் நகரத்துச் சேணக் கடைக்குள் நுழைந்தபோது சகுமா தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தார். சாட்டை வாங்க வருகிற மனிதர் இப்படியா வருவார், திருட வந்தவர் மாதிரி! அவர் வேலை செய்கிற ஒகுனோ பண்ணையிலிருந்து பத்து நிமிடத் தூரத்திலேயே ஒரு சேணக் கடை இருக்கிறது. ஆனால் அங்கே போய் எடை குறைந்த சாட்டை கேட்டால், சகுமாவுக்குக் கை போய்விட்டது என்று சாயங்காலத்துக்குள் கடலோரப் பண்ணைகள் முழுக்கப் பேசிவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் விடுமுறை நாளில் இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஒரு வயதுக் குதிரைக் குட்டிகளைப் பழக்குவது அவர் தொழில். முப்பத்திரண்டு வருடமாக அதுதான். வட்டக் களத்தின் நடுவில் நின்றுகொண்டு, நீளக் கயிற்றின் மறுமுனையில் குட்டியைச் சுற்றிச் சுற்றி வரவைக்க வேண்டும். ஒரு கையில் கயிறு, மறு கையில் ஆள் உயரத்தை விட நீளமான சாட்டை, அதன் நுனியில் தொங்குகிற தோல் வார். சாட்டை அடிப்பதற்கு அல்ல. குட்டியின் பின்னங்காலைக் குறிவைத்து நீட்டிப் பிடித்திருந்தாலே அது புரிந்துகொண்டு நடக்கும். ஆனால் அப்படி அரை மணி நேரம் பிடித்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் சகுமா தவறாமல் சொல்வார்: "வார் மண்ணுல பட்டுச்சுன்னா கை தூங்கிருச்சுன்னு அர்த்தம். எங்க, என் வாரைப் பாரு. பட்டிருக்கா?" லேசான சாட்டை வைத்திருப்பவர்களைக் கண்டால், "என்னப்பா, மீன் பிடிக்கக் கிளம்பிட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய சாட்டையோ பழைய காலத்துக் கனத்த தண்டு. போன வசந்தத்திலிருந்து அவருடைய வலது தோள் அந்தக் கனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சாட்டைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தொப்பியப் போட்டா தெரியாதுன்னு நினைச்சீங்களா, சகுமா சான்? நடையே காட்டிக் குடுத்துருச்சு."

நிவா. உலகத்தில் அவர் பார்க்க விரும்பாத ஒரே முகம் இந்தக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை நிவாவும் ஒகுனோ பண்ணையில்தான் இருந்தாள். அக்டோபரில் ஒருநாள் காலை, மிட்சுபா என்ற பெட்டைக் குதிரையின் குட்டியைச் சகுமா சுற்ற விட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடத்துக் குட்டிகளில் நல்ல விலைக்குப் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த குட்டி அது. கால் மணி நேரம் ஆனதும் தோள் இற்றுப்போனது. சாட்டை தாழ்ந்தது, வார் மண்ணில் விழுந்தது. யாரும் பார்த்துவிடுவார்களோ என்று சகுமா வெடுக்கென்று சாட்டையைத் தூக்கினார். எகிறிய வார் குட்டியின் அடிவயிற்றில் சுளீரென்று பட்டது. மிரண்ட குட்டி துள்ளி, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வேலிக் கட்டையில் மோதி முழங்காலைக் கிழித்துக்கொண்டது.

முதலாளி ஒகுனோ மாடி ஆபீசிலிருந்து ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்பதற்கு முன்பே சகுமாவின் வாய் முந்திக்கொண்டது.

"வயித்துப் பட்டைய ஒரே இழுப்பா இறுக்கியிருக்கு, முதலாளி. பச்சைக் குட்டி, துள்ளாம என்ன செய்யும்? யாரு கட்டினது?"

சேணத்தின் வயிற்றுப் பட்டையைக் கட்டியது நிவா. ஒவ்வொரு துளையாக, நடக்கவிட்டு நடக்கவிட்டு, ஒழுங்காகத்தான் கட்டியிருந்தாள். சகுமாவுக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவள் இடுப்பு வரை குனிந்து, என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அடுத்த வாரம் வேலையை விட்டுப் போனாள். யாரும் தடுக்கவில்லை. சகுமா அன்று தொழுவத்தின் கடைசியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் நிவா இப்போது.

"லேசா ஒரு சாட்டை..." என்று இழுத்தார். "எனக்கில்ல. பண்ணையில புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. அதுக்கு."

"என் எடத்துக்கா?"

"ம்... ஆமா."

சொன்ன பொய் போதாதென்று அவளிடமே இன்னொரு பொய். தன் நாக்கைத் தானே அறுத்துப் போடலாம் போல இருந்தது அவருக்கு. நிவாவோ எதையும் காட்டிக்கொள்ளாமல் மூன்று சாட்டைகளை இறக்கி மேசையில் வைத்தாள்.

"எடைச் சீட்டப் பாத்து ஏமாறாதீங்க. மூணும் கிட்டத்தட்ட ஒரே எடைதான். அது எந்தப் பக்கம் உக்காந்திருக்குங்கறதுதான் விஷயம்." ஒரு தண்டை எடுத்து ஒற்றை விரலில் தாங்கிக் காட்டினாள். கைப்பிடியிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் அது சமமாக நின்றது. "இது நுனி கனம். பத்து நிமிஷத்துல மணிக்கட்டு கத்தும்." அடுத்தது கைப்பிடிக்குச் சற்று முன்னாலேயே ஆடாமல் நின்றது. "இது பிடிச்ச மாதிரியே தெரியாது. அந்தப் பொண்ணுக்குக் கை எவ்வளவு பெருசு?"

"என் கை மாதிரிதான்," என்று உளறினார் சகுமா.

"அட, பெரிய கைக்காரிதான்! அப்போ நீங்களே பிடிச்சுப் பாருங்க. நுனி கனமா இருக்கறத முதல்ல எடுங்க, வித்தியாசம் தெரியும். நேரா நீட்டணும். நான் நூறு எண்ணுவேன். இறங்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் அவர் கையை நீட்டினார். நிவா எண்ண ஆரம்பித்தாள். இருபதில் தோள் சுட்டது. முப்பதில் பல்லைக் கடித்தார். முப்பத்தெட்டில் நுனி தாழ்ந்தது. அவமானம் தாங்காமல் வெடுக்கென்று மேலே இழுத்தார். வார் எகிறி, எதிர்ச் சுவரில் தொங்கிய குதிரை தேய்க்கும் பிரஷ்களை வாரியடித்தது. ஏழெட்டு பிரஷ்கள் தடதடவென்று தரையில் விழுந்து உருண்டன.

கடையில் வேறு யாரும் இல்லை. நிவா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சகுமா சாட்டையோடு அப்படியே நின்றார். காது மடல் வரை எரிந்தது.

"இதேதான்," என்றார் கடைசியில். "அன்னைக்கு மிட்சுபா குட்டிக்கும் இதேதான் நடந்துச்சு. பட்டையில ஒரு குத்தமும் இல்ல."

"தெரியும்," என்றாள் நிவா, நிமிராமலே.

"தெரியுமா?"

"தினம் சாயங்காலம் களத்து மண்ண வாரிச் சமன் பண்ணினது யாரு? நான்தான? குளம்புத் தடத்துக்கு உள்பக்கமா ஒரு கோடு விழுந்திருக்கும், வார் இழுத்த கோடு. கோடையில கொஞ்சூண்டு. செப்டம்பர்ல அரை வட்டம். அக்டோபர்ல முழுசா ஒரு சுத்து வந்துருச்சு. மத்தவங்க கண்ணுல படறதுக்குள்ள முதல்ல அதத்தான் வாருவேன்."

"ஏன்?"

"என் வார் மண்ணுல படாதுன்னு நீங்க சொல்றப்போ உங்க மூஞ்சியப் பாக்கணுமே! சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். அதக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

சகுமா சாட்டையை மேசையில் வைத்தார். "அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாமே, நிவா. முதலாளிகிட்ட, இந்தா கோடுன்னு..."

"எந்தக் கோட்டக் காட்டறது?" அவள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "அத்தனையையும் நானே அழிச்சு வச்சிருந்தேனே."

சகுமா தொப்பியைக் கழற்றினார். நெற்றி மேசையில் படும் அளவுக்குக் குனிந்தார். அந்தக் கணத்தில் செத்துப்போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. நிவா மேசையை விரலால் தட்டினாள்.

"எந்திரிங்க. இங்க குனிஞ்சு என்ன புண்ணியம்? இந்தப் பிரஷ்ஷுங்களா என்னைத் தப்பா நினைச்சுச்சு? நான் எங்க குனிஞ்சேனோ அங்க போய்க் குனியுங்க." கைப்பிடிப் பக்கம் சமநிலை இருந்த சாட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுதான் உங்க கைக்கு. என்ன, அந்தப் புதுப் பொண்ணுக்குப் பரிசுத் தாள் சுத்தித் தரணுமா?"

"வேண்டாம்," என்றார் சகுமா.

மறுநாள் காலைக் கூட்டம் வழக்கம்போல ஆறரைக்குத் தொழுவத்தின் முன்னால் கூடியது. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. முதலாளி அன்றைய வேலைகளை வாசித்து முடித்ததும் சகுமா புதுச் சாட்டையோடு முன்னால் வந்தார். இரவெல்லாம் சொல்லிப் பார்த்த சொற்கள் ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"மிட்சுபா குட்டிய அடிச்சது என் சாட்டை. என் தோள் போயிருச்சு, அத மறைச்சேன். நிவா பட்டைய ஒழுங்காத்தான் கட்டியிருந்தா. பழியத் தூக்கி அவ தலையில போட்டது நான்."

சொல்லிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். யாராவது கத்துவார்கள், ஒருவராவது "நீங்களா!" என்று அதிர்ந்து கேட்பார்கள் என்று காத்திருந்தார். அதை வாங்கிக்கொள்ளத்தான் இரவு முழுக்கத் தன்னைத் தயார்செய்திருந்தார்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்திருந்த அவர் கண்ணுக்கு ஐந்து ஜோடி ரப்பர் பூட்ஸ் தெரிந்தன. எதுவும் அசையவில்லை.

கடைசியில் ஹோரிதான் தொண்டையைச் செருமினான். நிவாவுக்கு அடுத்தபடியாகப் பண்ணையில் இளையவன் அவன். அவள் போன பிறகு களத்தை வாரும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது.

"சாயங்காலம் நான்தான வாருறேன், சகுமா சான்," என்றான் மெதுவாக. "முதல் நாளே வார் இழுத்த கோட்டப் பாத்துட்டேன். இவங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

சகுமா நிமிரவில்லை. இரண்டு மாதமாக "என் வார் பட்டிருக்கா?" என்று அவர் இவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இவர்களும் இல்லை இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் முதலாளி. "ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பழக்கறதுக்கு உன்ன மாதிரி ஆள் எனக்குக் கிடைக்காது. மண்ணு வாருறதுக்கு யாரும் கிடைப்பாங்க. அப்படிக் கணக்குப் போட்டு வாய மூடிக்கிட்டேன்."

முதலாளியின் பூட்ஸ் நடந்து வந்து சகுமாவுக்குப் பக்கத்தில் நின்றது. அவரும் குனிந்தார். இருவருக்கும் எதிரே, வரிசையில் நிவா எப்போதும் நிற்கும் இடம் காலியாக இருந்தது.