மங்கிப்போன கதவு எண்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மேலாளர் உட்பட. போனில் யார் கதறினாலும் குரல் பிசகாமல் விவரம் வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் சில நாட்களாக ஒரு பயத்தை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை.

பழைய இடத்தில் கட்டட வேலை நடந்ததால் எல்லோரையும் வேறு மாடிக்கு மாற்றி, ஆளுக்கொரு லேப்டாப்பும் அதோடு இணைத்த பெரிய மானிட்டரும் கொடுத்திருந்தார்கள். மானிட்டர் என்னவோ ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. ஆனால் எழுத்துகளின் ஓரமெல்லாம் ஈரத் தாளில் பட்ட மை போலக் கசிந்து தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். சொட்டு மருந்து போட்டுப் பார்த்தாள். வீட்டில் கணவர் கேட்டபோது, "தூக்கம் பத்தலைங்க" என்று சமாளித்தாள். போன வருஷம் கண் பரிசோதனையில் தேறாத ஒருவரைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தனக்கும் அதே கதி வந்துவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை டீ வருவதற்கு முன் அந்த அழைப்பு வந்தது.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டாருங்க! மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சீக்கிரம் வாங்க!"

"இதோ வண்டி அனுப்பறேன்மா. வீடு எங்கே?"

"ஆத்தோர ரோடு..." என்றது அந்தப் பெண்குரல். போன் கீழே விழும் சத்தம். தொடர்பு அறுந்தது.

அந்தச் சாலைக்கு வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த எண்ணுக்குப் பதிவாகியிருந்த முகவரி திரையில் வந்தது. கதவு எண்ணில் இரண்டு இலக்கம். அறுபத்தாறா, எண்பத்தாறா? மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். கிட்டே போகப் போக இன்னும் குழம்பியது.

வயர்லெஸ்ஸில் டிரைவர் கத்தினார். "அக்கா, ரோட்டுக்குள்ள வந்துட்டேன். ரயில் கேட்டுல மணி அடிக்குது. வீடு கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அறுபதுகள் இந்தப் பக்கம், எண்பதுகள் அந்தப் பக்கம். கேட் விழுந்துவிட்டால் சரக்கு ரயில் ஊர்ந்து முடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

இனி மானம் பார்க்க நேரமில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவனைத் தோளைப் பிடித்து இழுத்தாள். எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்வதால் அவனுக்குப் 'புரொபசர்' என்று பட்டப்பெயர்.

"இதைப் படிடா. எனக்குத் தெரியலை."

அவன் உற்றுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... எனக்கும் தெரியலை. இங்க வந்த நாள்லேர்ந்தே இப்படித்தான். கண்ணு போயிடுச்சோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லலை."

ரெண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்திலா கெடும்? அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. காலையில் லேப்டாப்பின் சின்னத் திரையில் பாஸ்வேர்டு போட்டபோது எழுத்து பளிச்சென்றுதானே இருந்தது! முகவரிப் பெட்டியை மவுஸால் பிடித்துக் கீழே அந்தத் திரைக்கு இழுத்தாள். பாதி வழியில் நழுவியது. மறுபடி இழுத்தாள். பொடி எழுத்துதான், ஆனால் ஊசிமுனையால் கீறியது போலத் துல்லியம்.

"எண்பத்தாறு! அந்தப் பக்கம்!"

"கேட்டை இன்னும் இறக்கலை, போயிடறேன்" என்றார் டிரைவர். பிறகு வெறும் இரைச்சல்.

மறுபடி அந்த வீட்டுக்கு அழைத்தாள். இந்தத் தடவை அந்தப் பெண் எடுத்தாள். "அவரைத் தூக்காதீங்க, கழுத்தை அசைக்காதீங்க. மார்பு ஏறி இறங்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லிக்கிட்டே இருங்க" என்று பேச்சிலேயே பிடித்து வைத்தாள். "ஏறுது... இறங்குது... ஐயோ, நின்னுடுச்சா... இல்ல, ஏறுது..." போனுக்குள்ளேயே சைரன் சத்தம் கேட்டபோதுதான் அக்கா தன் மூச்சை விட்டாள்.

அக்கா சொல்லியனுப்ப, சற்று நேரத்தில் கம்ப்யூட்டர்காரர் ஓடி வந்தார். "எல்லாருக்கும் எழுத்து பெருசா தெரியட்டுமேன்னு மானிட்டரோட ரெசல்யூஷனை, அதான் திரையில இருக்கற புள்ளிகளோட எண்ணிக்கையை, குறைச்சு வெச்சேன்" என்றார்.

"பெருசா தெரியுதுங்க. என்ன எழுத்துன்னுதான் தெரியலை" என்றான் புரொபசர்.

அவர் மானிட்டருக்கு உரிய முழு ரெசல்யூஷனை வைத்தார். எழுத்துகள் எறும்பு மாதிரிச் சுருங்கின. பிறகு எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை நூற்றைம்பது சதவீதத்துக்கு ஏற்றி, மென்பொருளை மூடித் திறந்தார். ஒவ்வொரு எழுத்தும் வெட்டி ஒட்டியது போல வந்து நின்றது. அறை முழுக்க "அப்பாடா" என்று குரல்கள். யாருமே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்! மேலாளர் மெதுவாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நேற்றுத்தான் புதிதாக வாங்கியதாம்.

"முதல் நாளே நான் சொல்லியிருக்கணும் சார்" என்றாள் அக்கா.

"நானும்தான்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மதியம் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம், இப்போது பயமில்லை. அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.