மேனேஜர் அறைக்குப் போன ஃபிரிட்ஜ்

தாவ்யுவான் நகரில் கிராபிக்ஸ் கார்டு செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய சாம்பல் நிறத் தாள் ஒட்டுவது என் வரிசையின் வேலை. சிப் சூடானால் தாள் உருகிச் சந்தெல்லாம் நிரம்பும், சூடு இறங்கிப்போகும். ஆனால் மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் படலத்தை உரிக்குமுன் தாளைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளும் சேர்ந்து பிய்ந்து வரும்.

இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஃபாங் மேனேஜருக்குத் தெரியாது. ஜூலை வெயிலில் எங்கள் ஃபிரிட்ஜைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார், மாம்பழச் சாறு வைக்க. மூன்று தடவை சொன்னேன். பதிலுக்குச் சோதனை இயந்திரத்தின் மேல் புதிதாக ஒரு பச்சை நொறுக்குத்தீனி பாக்கெட் வைத்தார். அப்படி வைத்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இந்த மனுஷன் தலையிலும் ஒன்று வைத்திருக்கலாம்.

தாள் பிய்ந்ததில் நாற்பது கார்டுகள் கொதித்துச் சோதனையில் தோற்றன. மறுநாள் ஃபாங் ஒரு படிவத்தை என் முன் போட்டார். தவறு செய்தவர்: சியூ மெய்யுன். என் வரிசையில் படலம் உரிக்கிற பெண். வரிசைத் தலைவியான நான் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை போகும்.

"அவ கை சரியில்ல. கையெழுத்துப் போடு, லியாவ்" என்றார் என்னிடம்.

"விடுங்கக்கா, என்னால உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றாள் மெய்யுன். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

நேரே அவர் அறைக்குப் போய், சாறு பாட்டில்களை மேஜையில் அடுக்கிவிட்டுத் தாள்களை உள்ளே வைத்தேன்.

"என்ன திமிரு உனக்கு!"

"பத்து நிமிஷம் சார். கத்துறதா இருந்தா அதுக்குள்ள கத்தி முடிச்சிருங்க."

அவர் கண்முன்னே மெய்யுன் இருபது தாள் உரித்தாள். ஒன்றுகூடப் பிய்யவில்லை. ஃபாங் சாறு பாட்டில்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சரி, ஃபிரிட்ஜ எடுத்துட்டுப் போங்க. ஆனா படிவத்துல ஒரு பேரு வேணும். மேல கேப்பாங்க. அவ பேரே இருக்கட்டும்."

அவள் மேல் தவறில்லை என்று தெரிந்தேதான் சொன்னார். கையிலிருந்த படிவத்தில் மெய்யுன் பெயரை அடித்துவிட்டு ஃபாங் சீஹாவ் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து.

"பேரு சரியா எழுதியிருக்கேனா பாருங்க சார்."

"உன் வேலை போயிரும்டி!"

மேலிடத்துக்குப் போகிற பெட்டியில் படிவத்தை நானே போட்டேன்.

வெள்ளிக்கிழமை என் வேலை போனது. மெய்யுன் இன்னும் அங்கே தாள் உரிக்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஃபாங்கும் அங்கேதான் இருக்கிறார், அதே நாற்காலியில். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.