பதினேழாம் நிரை

1926ஆம் வருஷம் ஜூன் மாதம், மலாயாவில் பத்து காஜா ஊருக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினேழாம் நிரையும் பதினெட்டாம் நிரையும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த மாதம் ரப்பர் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, மழை வழக்கம்போல. நூல் பிடித்து, பன்னிரண்டடி இடைவெளி விட்டு நட்ட மரங்கள் அவை. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம் இரண்டு நிரைக்கும் பொதுவாக நின்றது, இரண்டு பக்கமும் பால் வடியும் மங்கு கட்டியபடி. துரை ஈப்போவிலிருந்து அளவைக்காரரை வரவழைத்தார். அவர் சங்கிலி பிடித்தார். தொடக்கத்தில் பன்னிரண்டடி, முடிவில் ஒன்றுமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

காரணம் ஆம்புரோஸ். பால்வெட்டுக்காரர்களான பிச்சைமுத்து, கத்தரின் இருவரின் மகன். பத்து காஜாவில் பழைய ஈயக் கிடங்கின் மாடியில் நடந்த சின்னக் கல்லூரியில் கணக்குப் படித்தான். லண்டன் பட்டத்துக்கு ஆள் தயார் செய்யும் கல்லூரி. நாலு மாணவர்கள், ஒரே கரும்பலகை, பாடம் நடத்த யாழ்ப்பாணத்து ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர். இணைகோடுகள் ஏன் சேராது என்று ஆம்புரோஸைப் பலகையில் எழுதச் சொன்னார் அவர். சேராத கோடு என்றால் தோட்டத்து நிரைதான் அவனுக்குத் தெரியும். நிரைக்கு நிரை நாலு நடை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். பால் சேரச் சேர வாளி கனக்கும், வாளி கனக்கக் கனக்க அம்மாவின் நடை குறுகும் என்பதும் அவன் கண்ணால் கண்டது. நாலு நடை மாறாது, நடை குறுகுகிறது, ஆகவே நிரைகள் சேரும் என்று பதினொரு வரியில் முடித்துவிட்டான்.

"கோடு வாளி தூக்கிறேல்லை, தம்பி," என்றார் மாஸ்டர். அவர் அழித்துப் பார்த்தார்; அழியவில்லை. ஈரத்துணியும் தேங்காய் நாரும் தோற்றன. அன்று சாயங்காலமே தோட்டத்தில் மரம் சேர்ந்துவிட்ட செய்தி வந்தது.

பதினேழாம் நிரை கத்தரினுடையது, பதினெட்டு பிச்சைமுத்துவுடையது. மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. மகள் ஐவிக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாம் என்று சொன்னவர் பிச்சைமுத்து. அந்த நாளைக்கு ஐவி இல்லை. அன்றிலிருந்து கத்தரின் சோறு போட்டாள், துணி துவைத்தாள், வாய் திறக்கவில்லை. இப்போது இருநூற்றுப் பன்னிரண்டாவது மரத்தடியில் இருவர் வாளியும் முட்டிக்கொண்டன.

"வாளிய நகத்துங்க, இடிக்குது," என்றாள் கத்தரின்.

"எங்க நகத்துறது? ரெண்டும் ஒண்ணாப் போச்சுலா."

"நகர வேண்டிய அன்னைக்கு நகரல. இன்னைக்கு எங்க நகரப் போறீங்க."

அது நல்ல பேச்சில்லைதான். ஆனாலும் பேச்சு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் திட்டினாள். இரண்டாம் வாரம் அழுதாள். நாலாம் வாரம் அந்த மரத்தடியில் இருவரும் ஒரே குவளையில் கோப்பி குடித்ததைப் பக்கத்து நிரை வீரம்மா பார்த்தாள். ஆம்புரோஸுக்கும் சேதி போயிற்று.

கல்லூரியில் நிலைமை வேறு. பலகை முழுக்க அவனுடைய பதினொரு வரி. கால்குலஸ் நடத்த இடமில்லை. ஐந்து வாரம் மாஸ்டர் சுவரில் எழுதிப் பார்த்தார், சுவர் உதிர்ந்தது. எழுதிய கையால்தான் அழிக்க முடியும் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"மச்சான், ஒங்க அப்பா அம்மா பேசிக்கிறதுக்கு நாங்க பெயிலாவணுமாலா?" என்று கூடப் படிக்கும் செபாஸ்டியன் கேட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி. ஆம்புரோஸ் எழுந்து போய் அழித்தான். ஒரே இழுப்பில் போனது. பதினொரு மணிக்கு வெட்டுக்காரர்கள் பாலோடு இறங்கிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அரை மணி பொறுத்திருக்கலாம். சிரிப்பு பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிச்சைமுத்து முதல் வாளியோடு இறங்கியிருந்தார். கத்தரின் அந்த மரத்தடியில் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிரைகள் பிரிந்தன. பதினெட்டு பழையபடி ஓடைக்கரையில் முடிந்தது. பதினேழு முடியவில்லை. ஓடையைத் தாண்டி, சீனர் ஈயக்குட்டையைத் தாண்டி, மரம் மரமாகப் போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவில் கத்தரின், கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தாள். பிச்சைமுத்து மூன்று நாள் நடந்தார். அவள் அதே கட்டைவிரல் உயரம்தான். காம்பார் சாலையில் மாட்டுவண்டி ஏறித் திரும்பி வந்தார். மகனை ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவனோடு பேசவுமில்லை.

ஆம்புரோஸ் அன்று சாயங்காலமே மறுபடி எழுதினான். பதினொரு வரியும் நினைவிருந்தன. சுண்ணக்கட்டி வெறும் சுண்ணக்கட்டியாக எழுதியது, துடைத்தால் போயிற்று. இன்னும் படித்தால் சரியாக எழுத வரும் என்று நம்பினான். கால்குலஸ் படித்தான், அல்ஜீப்ரா முடித்தான், ஜியோமெட்ரியில் மாஸ்டரையே மடக்கினான். ஒவ்வொரு பாடமும் தப்பு எங்கே என்பதை இன்னும் தெளிவாகக் காட்டியது. நாலாவது வரி. நடை குறுகினால் நடைகளின் எண்ணிக்கைதான் கூடும், இடைவெளி குறையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தெரியாதவனாக எழுத அவனால் முடியவில்லை. கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. மறப்பதற்காகப் புத்தகங்களை ஈயக்குட்டையில் போட்டான், கணக்கு மறக்கவில்லை.

1928இல் பிச்சைமுத்து இறந்தார். பதினெட்டாம் நிரையை ஆம்புரோஸ் எடுத்துக்கொண்டான். கத்தரின் அந்த நிரையிலேயே இருப்பது தோட்டத்துக்கு எப்போதோ பழகிவிட்டது. விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் கிராணி கத்தரின் பேரைக் கூப்பிடுவார், வீரம்மா "இருக்கா" என்பாள், கிராணி எழுதிக்கொள்வார். பதினொரு மணிக்குப் பதினேழாம் நிரையின் வாயில் ஒரு வாளி நிறையப் பால் இருக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்பதை 1927லேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாளியை ஸ்டோருக்குத் தூக்கிப் போவது ஆம்புரோஸ். தூக்குவதற்கு முன் நிரையைப் பார்த்துக் கையசைப்பான். சில நாள் அந்தக் கட்டைவிரலும் அசையும். பிறகு தன் வாளி ஒரு கையில், அம்மா வாளி ஒரு கையில் என்று நடப்பான். பாதி வழியில் அவன் நடை குறுகும். அவன் எண்ணுவதில்லை.